வயலில் சீட்டுக் குலுக்கிய அறிஞர்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

உத்திரமேரூர் என்றவுடன் எவருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நாம் அனைவரும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறோம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்டினார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு ஓலையை எடுத்தான். அதை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட விதி இருந்தது. ஏன் இத்தனை கட்டுப்பாடு? எவருடைய விருப்பும் வெறுப்பும் அந்த ஓலையின் மேல் படக்கூடாது என்பதற்காகத்தான்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஆங்கில நாட்டில் ஓர் அறிஞர் இதே நோக்கத்தோடு சீட்டுக் குலுக்கினார். அவர் தேர்ந்தெடுத்தது ஊர்ச் சபை உறுப்பினரை அன்று. எந்தப் பாத்தியில் எந்த ரகத்தை விதைப்பது என்பதை! அவர்தாம் சர் ரொனால்டு எய்ல்மர் பிஷர். இன்று உலகெங்கும் புதிய பயிர் ரகங்களைச் சோதிக்கும் வயல்களில் அவர் வகுத்த முறையே அடிப்படையாக இருக்கிறது. அவருடைய வாழ்க்கையை என் தோழியருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கே காரணம்.

எங்கள் வீட்டு வழக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பாட்டனார் ஒரு புதிய நெல் ரகத்தை வாங்கி வந்தார். அதை ஏரிக்கால்வாய் ஓரமாக உள்ள தலைமடை நிலத்தில் நட்டார். பழைய ரகத்தைக் கடைமடையில் நட்டார். களத்தில் அளந்தபோது புதிய நெல்லே அதிகம் கண்டது. பாட்டனாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த ஆண்டு நிலம் முழுவதிலும் அதையே நட்டார். எதிர்பார்த்த கண்டுமுதல் வரவில்லை. அந்த நெல்லை நம்பி அடகிலிருந்து மீட்க எண்ணியிருந்த அத்தையின் சங்கிலி அவ்வாண்டு மீளவில்லை. முதல் ஆண்டு விளைந்தது நிலத்தின் பெருமை, அதை விதையின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று என் பாட்டி ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது எங்கள் கணித ஆசிரியையான சகோதரி சிரித்தார். என் பாட்டி கண்ட அதே குறையைக் கண்டு, அதைத் தீர்க்கவும் வழி கண்டவர் ஒருவர் உண்டு என்று கூறி, பிஷர் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதினார்.

இளமையும் கல்வியும்

பிஷர் 1890 ஆம் ஆண்டு பிப்ரவரி 17 ஆம் நாள் லண்டன் நகரையடுத்த ஈஸ்ட் பின்ச்லி என்னும் இடத்தில் பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் அவர் இளையவர். மூத்தது உயிரற்றே பிறந்தது. தந்தையார் கலைப்பொருள்களை ஏலம் விடும் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். ஆனால் பிஷருக்குப் பதினான்கு வயதானபோது தாயார் இறந்தார். சிறிது காலத்திற்குள் தந்தையார் செல்வம் அனைத்தையும் இழந்தார். நல்லவேளையாக, ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் தகுதி அவருக்கு இருந்தது.

செல்வம் போனது ஒருபுறம் இருக்க, கண் பார்வையும் மிகக் குறைவு. மின்விளக்கு ஒளியில் படிக்கவே கூடாது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். மாலை நேரப் பாடங்களைத் தாளும் எழுதுகோலும் இன்றி, காதால் கேட்டே அவர் கற்றார். கணக்குகளை மனக்கண்ணில் வடிவங்களாகக் கண்டு விடை கூறப் பழகினார். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்க்கும் கணக்கைப் பிற்காலத்தில் அவர் ஒரு வடிவமாகக் கண்டு தீர்த்ததற்கு இப்பழக்கமே காரணம் என்பர். குறையே பயிற்சியாக மாறிய விந்தை இது!

1909 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கீஸ் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் கணிதத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். பின்னர் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். கனடா நாட்டில் ஒரு பண்ணையில் சில காலம் உழைத்தார். முதல் உலகப் போர் மூண்டபோது படையில் சேர விரும்பினார். பார்வைக் குறைவால் ஏற்க மறுத்துவிட்டார்கள். ஆகவே பள்ளிகளில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். 1917 இல் ரூத் எய்லீன் என்னும் பெண்ணை மணந்தார். இருவரும் ஒரு சிறு பண்ணையில் கால்நடை வளர்த்துக் குடும்பம் நடத்தினார்கள். மண்ணின் பாடு இன்னதென்று அவர் அறிந்தது ஏட்டிலிருந்து மட்டும் அன்று.

ரோதம்ஸ்டெட் வயல்கள்

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டன் என்னும் ஊரில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1843 ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் தலைவர் சர் ஜான் ரஸ்ஸல், அலமாரிகளில் குவிந்து கிடந்த ஆண்டுக்கணக்கான விளைச்சல் குறிப்புகளிலிருந்து ஏதேனும் உண்மை காணமுடியுமா என்று பார்க்க 1919 இல் பிஷரை அழைத்தார். அதே சமயம் லண்டனில் அன்றைய புள்ளியியல் பேரறிஞர் கார்ல் பியர்சனிடமிருந்தும் வேலை வந்தது. பெரிய இடத்தை விட்டுவிட்டு வயல்வெளியை நாடினார் பிஷர்.

கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தார். பிராட்பாக் என்னும் கோதுமை வயலில் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தது. விளைச்சல் ஏறி இறங்கியதில் மழைக்கு எவ்வளவு பங்கு, மண் வளம் குன்றியதற்கு எவ்வளவு பங்கு, களைக்கு எவ்வளவு பங்கு என்று அவர் பிரிக்க முயன்றார். சிறுவர் அனைவரும் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தபின் களை பறிக்க ஆள் குறைந்ததும் ஒரு காரணமாகலாம் என்று அவர் எண்ணினார். கல்வி வளர, களையும் வளர்ந்தது போலும்!

இவ்வாறு பிரித்துக் காணும் முறையை அவர் மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று வளர்த்தார். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். வீட்டுச் செலவைத் தாய்மார்கள் அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, எதற்கென்று தெரியாமல் போனது இவ்வளவு என்று பிரிப்பார்கள் அல்லவா? அதுபோல, பாத்திக்குப் பாத்தி விளைச்சல் வேறுபடுவதை ரகத்தால் வந்தது, நிலத்தால் வந்தது, காரணம் தெரியாதது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். காரணம் தெரியாத பங்கை விட ரகத்தின் பங்கு நன்றாக மிஞ்சி நின்றால்தான் ஒரு ரகம் மற்றொன்றினும் சிறந்தது என்று சொல்லலாம். இல்லையேல் வாய்மூடி இருப்பதே நேர்மை.

1923 இல் பிஷரும் வினிபிரெட் மெக்கன்சி என்ற பெண்மணியும் சேர்ந்து 12 உருளைக்கிழங்கு ரகங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். வெவ்வேறு எரு இட்டபோது ஒவ்வொரு ரகமும் எவ்வாறு விளைந்தது என்பதே கேள்வி. இங்கே அவர்கள் இரண்டு கணக்கு வடிவங்களை ஒப்பிட்டார்கள். ஒன்று கூட்டல், மற்றொன்று பெருக்கல். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு நெல் ரகம் எருவின்றி 20 மூட்டையும், மற்றொன்று 40 மூட்டையும் தருவதாகக் கொள்வோம். எரு இட்டால் எந்த ரகத்திற்கும் 5 மூட்டை கூடும் என்பது கூட்டல் வடிவம். அப்போது 25, 45 ஆகும். எரு இட்டால் கால் பங்கு கூடும் என்பது பெருக்கல் வடிவம். அப்போது 25, 50 ஆகும். உருளைக்கிழங்கு வயலில் பெருக்கல் வடிவமே விளைச்சலோடு நன்கு பொருந்தியது என்று அவர்கள் கண்டார்கள். எந்த வடிவம் உண்மை என்பதை ஆராய்பவரின் ஆசை முடிவு செய்யக்கூடாது, வயலே முடிவு செய்யவேண்டும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

சீட்டுக் குலுக்கும் முறை

கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? என் பாட்டனாரைப் போல் நல்ல நிலத்தைப் புதிய விதைக்குக் கொடுத்துவிட்டால் எந்தக் கணக்கும் அதை மீட்காது. ஆகவே பிஷர் மூன்று விதிகளை வற்புறுத்தினார். முதலாவது, ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப விதைக்க வேண்டும். இரண்டாவது, அருகருகே உள்ள, ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள பாத்திகளை ஒரு தொகுதியாக்கி, அத்தொகுதிக்குள்ளேயே ரகங்களை ஒப்பிட வேண்டும். மூன்றாவது, தொகுதிக்குள் எந்தப் பாத்தி எந்த ரகத்திற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்க வேண்டும். வரிசை தோறும் நிரல் தோறும் ஒவ்வொரு ரகமும் ஒரே ஒரு முறை வருமாறு அமைப்பதும் உண்டு. அதற்கு இலத்தீன் சதுரம் என்று பெயர்.

இதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. அயர்லாந்தில் கின்னஸ் நிறுவனத்திற்காகப் பார்லி ரகங்களைச் சோதித்துவந்த வில்லியம் காசெட் என்பவர் பிஷரின் நண்பர். மாணவன் என்ற புனைபெயரில் எழுதியவர். ரகங்களை ஒழுங்கான வரிசையில் மாற்றி மாற்றி விதைத்தால் நிலத்தின் ஏற்றத்தாழ்வு தானே சமனாகும்; சீட்டு விழுகிறபடி விட்டால் சில சமயம் நல்ல பாத்தியெல்லாம் ஒரே ரகத்திற்குப் போய்விடலாம் என்பது காசெட்டின் வாதம். ஒழுங்கு வரிசையில் பிழை குறையலாம். ஆனால் எவ்வளவு பிழை இருக்கிறது என்பதை நேர்மையாக மதிப்பிட முடியாது, சீட்டு ஒன்றே அதற்கு வழி என்பது பிஷரின் வாதம். 1937 இல் காசெட் இறக்கும் வரை இந்த வழக்கு ஓயவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை. கருத்து வேறுபட்டாலும் தோழமை வேறுபடாதிருக்கலாம் என்பதை நாம் கற்க வேண்டும்.

சோதிக்கும் ரகங்கள் மிகப் பலவானால் தொகுதி பெரிதாகிவிடும். ஒரு கோடியின் மண்ணும் மறு கோடியின் மண்ணும் ஒன்றாக இரா. இதற்காக ரோதம்ஸ்டெட்டில் பிஷருக்குப் பின் பொறுப்பேற்ற பிராங்க் யேட்ஸ், ரகங்களைச் சிறு தொகுதிகளாகப் பங்கிடும் முறைகளை 1936 இல் வெளியிட்டார். அவ்வகை அமைப்புகளைக் கட்டும் கணிதத்தைக் கல்கத்தாவில் இருந்த நம் நாட்டு அறிஞர் ராஜ் சந்திர போஸ் 1939 இல் விரிவாக வகுத்தார். இன்று கணிப்பொறியின் துணையால் பக்கத்துப் பாத்திகளின் விளைச்சலையும் சேர்த்துக் கணக்கிடும் புதிய முறைகள் வந்துவிட்டன. ஆயினும் சீட்டுக் குலுக்குவது நின்றுவிடவில்லை.

தேநீரும் பட்டாணியும்

பிஷரைப் பற்றிய ஒரு சுவையான நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோதம்ஸ்டெட்டில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் அறிஞர் இருந்தார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே தம்மால் கூற முடியும் என்றார். கேட்டவர்கள் நகைத்தார்கள். அதைச் சோதிக்கும் வழியைப் பிஷர் பிற்காலத்தில் நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், குலுக்கல் முறைப்படி ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்ல 70 இல் 1 பங்கு வாய்ப்பே உண்டு. அந்த அம்மையார் எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார் என்பது வழிவழிச் செய்தி. நகைப்பதற்கு முன் சோதித்துப் பார் என்பது இதன் பாடம்.

மற்றொன்று நம் சபையினர் ஒருவரைப் பற்றியது. பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்ட கிரெகோர் மெண்டல், அகஸ்தினார் சபைத் துறவி என்பதை அறிவோம். 1936 இல் பிஷர், மெண்டலின் எண்களை மீண்டும் கணக்கிட்டார். அவை விதியோடு அளவுக்கு மீறிப் பொருந்துவதாகக் கண்டார். மெண்டலின் கண்டுபிடிப்பு உண்மை என்பதில் அவருக்கு ஐயமில்லை. எதிர்பார்க்கும் விடையை அறிந்த உதவியாளர் எவரேனும், தலைவரை மகிழ்விக்க எண்ணி எண்களைச் சற்றுத் திருத்தியிருக்கலாம் என்று ஐயுற்றார். நல்லெண்ணத்தால்கூட உண்மை கோணலாகலாம்!

புகழும் இந்தியத் தொடர்பும்

1925 இல் ஆராய்ச்சியாளருக்கான புள்ளியியல் முறைகள் பற்றியும், 1935 இல் சோதனைகளை வகுக்கும் முறை பற்றியும் பிஷர் எழுதிய நூல்கள் உலகெங்கும் பரவின. 1933 இல் லண்டனிலும், 1943 இல் கேம்பிரிட்ஜிலும் பேராசிரியரானார். 1952 இல் சர் பட்டம் பெற்றார். நம் நாட்டில் மகாலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்திருந்தார். அவர் அழைப்பை ஏற்று வந்த பிஷர், 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பின்னும் பலமுறை இந்தியா வந்தார். 2023 இல் மறைந்த பேரறிஞர் சி. ஆர். ராவ், கேம்பிரிட்ஜில் பிஷரின் மாணவராக இருந்து முனைவர் பட்டம் பெற்றவர்.

இல்வாழ்வில் அவருக்குத் துயரமும் உண்டு. மூத்த மகன் ஜார்ஜ் இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றி உயிர் நீத்தான். இறுதி ஆண்டுகளை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் கழித்த பிஷர், 1962 ஜூலை 29 ஆம் நாள் அங்கேயே காலமானார். அவருடைய மகள் ஜோன், தந்தையின் வரலாற்றை 1978 இல் நூலாக வெளியிட்டார்.

மறைக்கக் கூடாத குறை

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறைகளை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் சிலவற்றை மட்டும் பொறுக்கி எழுதுவது பிஷரின் முறைக்கே மாறானது அல்லவா? புகை பிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவ அறிஞர்கள் 1950 முதல் சான்றுகள் காட்டினார்கள். பிஷர் அதை மறுத்து எழுதினார். அவர் தாமே புகைக்குழல் பிடிப்பவர். புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவர் கருத்துத் தவறு என்று காலம் காட்டிவிட்டது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. பிறப்பாலேயே மனிதர் திறமையில் உயர்ந்தோரும் தாழ்ந்தோருமாக உள்ளனர், உயர்ந்தோர் பெருகித் தாழ்ந்தோர் குறையவேண்டும் என்ற கொள்கையை அவர் இளமை முதல் ஆதரித்தார். எல்லா மனிதரும் ஒரே கண்ணியம் உடையவர் என்று நம்பும் நாம் அதை ஒருபோதும் ஏற்க முடியாது. அவர் படித்த கீஸ் கல்லூரி, அவர் நினைவாக இலத்தீன் சதுரத்தை வண்ணக் கண்ணாடிகளால் அமைத்த ஒரு சாளரத்தை வைத்திருந்தது. இந்தக் காரணத்தால் 2020 இல் அதை அகற்றிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பின்னர் ஒன்று விளங்கியது. தம் மனச்சாய்வு நெல்லையும் கோதுமையையும் தொடாதபடி வேலி கட்டத் தெரிந்தவருக்கு, மனிதரைப் பற்றிய தம் மனச்சாய்வு தெரியவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளிக்கே தெரியவில்லை என்றால், நமக்குச் சீட்டும் சோதனையும் பிறர் கண்ணும் எவ்வளவு தேவை!

முடிவுரை

இக்கட்டுரையை எழுதுமுன், நவரைப் பட்டத்தில் பாட்டனாரிடம் எட்டுச் சிறு பாத்திகளைக் கேட்டுப் பெற்றேன். கால்வாயை ஒட்டி இரண்டிரண்டாக நான்கு இணை. ஒவ்வோர் இணையிலும் எந்தப் பாத்தி புதிய ரகத்திற்கு என்பதைச் செம்புக்குடத்தில் சீட்டுப் போட்டு, எழுத்தறியாத என் தம்பியை எடுக்கச் சொன்னேன். பாட்டனார் திண்ணையில் இருந்தபடி உத்திரமேரூர்ச் சபை மீண்டும் கூடிவிட்டது என்று கேலி செய்தார். அறுவடையில் பாத்திக்குப் பாத்தி தனியே அடித்து அளந்தோம். நான்கு இணைகளில் மூன்றில் புதிய ரகம் மிஞ்சியது.

பாட்டனார் முகம் மலர்ந்தது. ஆனால் நான் கணக்குப் போட்டேன். இரண்டு ரகமும் ஒரே தரமாக இருந்தாலும், நாணயம் சுண்டினாற்போல் நான்கில் மூன்றோ நான்கோ புதியதற்கு விழ 16 இல் 5 பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. இதை வைத்து நிலம் முழுவதையும் மாற்றினால் மீண்டும் அத்தையின் சங்கிலிதான் அடகுக் கடைக்குப் போகும். பாட்டனார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொர்ணவாரிக்குப் பதினாறு பாத்தி தருவதாகச் சொன்னார். சீட்டெடுக்கத் தம்பியைத் தயாராக இருக்கும்படியும் சொன்னார். பாட்டி மட்டும், தாம் அன்றே சொன்னது இதுதானே என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்புத் தோழியரே, நமக்குப் பிடித்தது வெல்ல வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அந்த விருப்பம் உண்மையைக் கெடுக்காதபடி குடத்தை உயர்த்திக் காட்டி, விரல்களை விரித்து வாங்குவோமாக!